வலி நின்ற முழங்கால் ஆறிய முழங்கால் அன்று

பொங்கல் முடிந்த இரண்டாம் வாரத்திலிருந்து எங்கள் எலும்பு மூட்டுப் பிரிவின் வெளிநோயாளர் வரிசையில் இளைஞர்கள் மிகுதியாக அமர்ந்திருப்பர். கபடி ஆடியவர் ஒருவர், கைப்பந்து ஆடியவர் ஒருவர், டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்டில் ஓட்டம் எடுக்கத் திரும்பியபோது விழுந்தவர் ஒருவர். இவர்களுள் எவரும் விளையாட்டைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். தறி ஓட்டுபவர், கல்லூரியில் படிப்பவர், தொழிற்சாலைக்கு முறை வேலைக்குச் செல்பவர். உடன் வந்திருக்கும் தாயாரோ மனைவியோ எங்களிடம் கூறும் முதல் வாக்கியம் பெரும்பாலும் ஒன்றே: "ஜவ்வு கிழிஞ்சுபோச்சுன்னு சொல்றாங்க, டாக்டர்."

அவர்களை எண்ணியே இதனை எழுதுகிறோம். காயம்பட்ட முழங்காலை முதல் மாதத்தில் நம் குடும்பங்கள் மிக நன்றாகவே பார்த்துக்கொள்கின்றன. ஆனால் வலி நின்று, வீக்கம் வடிந்து, நடை சீரான பிறகு வரும் மாதங்களில்தான் அம்முழங்கால் மீண்டும் கெடுகிறது. அப்போது காவலுக்கு எவரும் இருப்பதில்லை.

முதலில் 'ஜவ்வு' என்னும் சொல்லைப் பற்றி. நம் பகுதியில் இரண்டு வேறு உறுப்புகளுக்கும் இந்த ஒரே சொல் வழங்குகிறது. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டின் நடுவே குறுக்காகப் பிணைத்து, கீழ்க்கால் முன்னே நழுவாமலும் திருகாமலும் பிடித்து நிறுத்தும் கயிறு ஒன்று. அதனை முன்சிலுவைத் தசைநார் என்கிறோம். மருத்துவச் சீட்டில் ஏ.சி.எல். என்று எழுதியிருக்கும். மற்றொன்று மெனிஸ்கஸ், இரு எலும்புகளுக்கும் இடையே பிறைவடிவில் அமைந்த மெத்தை. கயிறு அறுந்தால் மூட்டு ஆடும். மெத்தை கிழிந்தால் மூட்டு சிக்கிக்கொள்ளும், நாளடைவில் தேயும். தங்களுக்கு எது கிழிந்தது என்பதை மருத்துவரிடம் தயங்காமல் கேட்டு, சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்வரும் அனைத்தும் பெரும்பாலும் முன்சிலுவைத் தசைநாரைப் பற்றியவை.

இது அறுபடும் விதம் பலருக்கும் வியப்பளிக்கும். பிறர் மோதித்தான் அறும் என்பதில்லை. ஓடிவந்து சட்டென நின்று திரும்புகையிலும், குதித்து ஒற்றைக்காலில் இறங்குகையிலும், பாதம் மண்ணில் பதிந்திருக்க உடல் மட்டும் திரும்பினால் போதும். கபடியில் பாடிச் செல்பவரின் கணுக்காலை எதிரணியினர் பற்றியிருக்க, அவர் நடுக்கோட்டை நோக்கி உடலைத் திருகும் அந்தக் கணம் இதற்கென்றே அமைந்தது போன்றது. உள்ளே 'டப்' என்று ஓர் ஒலி கேட்டதாகப் பலர் கூறுவர். சில மணி நேரத்திற்குள் மூட்டுக்குள் இரத்தம் கசிந்து முழங்கால் பருத்துவிடும். இவ்விரண்டும் சேர்ந்து நிகழ்ந்திருந்தால் அதனைச் 'சுளுக்கு' என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை என்று வந்தவுடன் குடும்பத்தினர் நிம்மதி அடைகின்றனர். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், தசைநாரைக் காட்டாது. அனுபவமுள்ள மருத்துவர் முழங்காலைச் சற்றே மடக்கிக் கீழ்க்காலை முன்னிழுத்துப் பார்த்தே பெரும்பாலும் கண்டறிந்துவிடுவார். எம்.ஆர்.ஐ. அதனை உறுதிசெய்து, மெத்தைகளின் நிலையையும் கூறும்.

இங்கே ஒன்றை ஒளிவின்றிச் சொல்ல வேண்டியுள்ளது. திருத்தணியில் காலில் அடிபட்டவர் முதலில் நினைப்பது புத்தூரை. அரக்கோணம்–ரேணிகுண்டா இரயில் பாதையில், நகரிக்கு அப்பால் ஆந்திரத்தில் உள்ளது அவ்வூர். நூறாண்டுகளுக்கும் மேலாகத் தலைமுறை தலைமுறையாக எலும்பு முறிவுக்கு மூங்கில் பத்தையும் துணியும் வைத்துக் கட்டி வரும் அக்குடும்பத்தாரின் பெயரால், 'புத்தூர்க் கட்டு' என்னும் பலகை இன்று தமிழகத்தின் பல ஊர்களில் தொங்குகிறது. அம்மரபை இழித்துரைப்பது எங்கள் நோக்கமன்று. அசைவின்றிப் பொருத்தி வைத்தால் எலும்பு தானே கூடும் இயல்புடையது. கட்டு அந்த இயல்புக்குத் துணைநிற்கிறது. முன்சிலுவைத் தசைநாருக்கு அந்த இயல்பு மிகக் குறைவு. அது மூட்டு நீரில் மூழ்கியிருப்பது. அறுந்த முனைகளுக்கு இடையே இரத்தம் உறைந்து பாலமாக நிற்பதற்கு அந்நீர் இடங்கொடுப்பதில்லை. முற்றிலும் அறுந்தது பழைய வலுவோடு தானே ஒட்டிக்கொள்வது அரிது. எனவே கட்டுப் போட்டு ஆறு வாரம் படுத்திருந்தவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு: விறைத்துப்போன மூட்டு, மெலிந்துபோன தொடை. வீங்கிய முழங்காலை எண்ணெய் விட்டு உருவுவது இன்னும் தீது.

கட்டை அவிழ்க்கும்போது வலி இருக்காது. வலி நிற்பதற்குக் கட்டு காரணமன்று. மூட்டுக்குள் கசிந்த இரத்தம் சில வாரங்களில் தானே உறிஞ்சப்பட்டுவிடும், அவ்வளவே. நேராக நடந்தால் யாதொரு குறையும் தெரியாது. கயிறு இல்லாத முழங்கால் நேர்நடைக்குப் போதுமானது. இளைஞர் மீண்டும் களத்தில் இறங்குகிறார். திரும்பும்போது முழங்கால் நழுவுகிறது. அவ்வாறு நழுவும் ஒவ்வொரு முறையும் மெத்தை நசுங்கிக் கிழிகிறது, குருத்தெலும்பு சிராய்க்கிறது. முதற் காயத்திலேயே வந்திருந்தால் ஓர் உறுப்பின் சேதத்தோடு முடிந்திருக்கும். மூன்றாம் முறை நழுவிய பின் வருபவரிடம் நாங்கள் காண்பது இருபத்தைந்து வயதில் ஐம்பது வயது மூட்டு. கிழிந்த மெத்தையை ஓரளவுதான் தைக்க இயலும். தேய்ந்த குருத்தெலும்பைப் பழையபடி ஆக்க இன்றும் வழியில்லை.

அப்படியானால் அனைவருக்கும் அறுவை சிகிச்சை வேண்டுமா? வேண்டியதில்லை. அறுவை செய்யும் மருத்துவர்களாகிய நாங்களே இதனைச் சொல்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். சுவீடன் நாட்டில் தொழில்முறை ஆட்டக்காரர் அல்லாத, ஆனால் சுறுசுறுப்பாக இயங்கும் 121 இளம் வயதினரிடம் நடத்திய ஆய்வொன்றின் முடிவு 2010இல் வெளியாயிற்று. ஒரு பகுதியினருக்கு உடனே அறுவையும் பயிற்சியும். மற்றொரு பகுதியினரான 59 பேருக்கு முதலில் பயிற்சி மட்டும், தேவைப்பட்டால் பின்னர் அறுவை. இரண்டாண்டு முடிவில் அந்த 59 பேரில் 23 பேருக்கே அறுவை தேவைப்பட்டது. இரு பகுதியினரின் முழங்கால் நிலையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஐந்தாண்டு முடிவில் அறுவை செய்துகொண்டோர் ஏறத்தாழப் பாதியளவாயினர். எஞ்சிய பாதிப் பேர் கத்தியின்றியே வாழ்ந்தனர்.

இதனை எங்கள் ஊருக்குப் பொருத்திப் பார்ப்போம். வயலிலும் கடையிலும் வேலை செய்து, மாலையில் நடைப்பயிற்சியோடு நிற்பவர் மூன்று மாதம் ஒழுங்காகத் தொடைத் தசையை வலுவாக்கிப் பார்க்கலாம். கபடிக்கோ கால்பந்துக்கோ திரும்பியே ஆக வேண்டும் என்பவருக்கும், அன்றாட நடையிலேயே முழங்கால் நழுவுபவருக்கும், தைக்கத்தக்க மெத்தைக் கிழிவு உள்ளவருக்கும், மடக்கிய கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டவருக்கும் அறுவையை நாங்கள் பரிந்துரைப்போம். எங்கள் உறுதியான கருத்து ஒன்றுண்டு. அறுவை செய்துகொண்டு பயிற்சிக்கு வராதவரைவிட, அறுவையே செய்துகொள்ளாமல் ஒழுங்காகப் பயிற்சி செய்பவரின் முழங்காலையே நாங்கள் நம்புவோம்.

அறுவையில் நடப்பது என்ன என்பதை அறிந்தால் இந்தக் கருத்தின் காரணம் விளங்கும். அறுந்த தசைநாரை நாங்கள் ஒட்டுவதில்லை. பெரும்பாலும் பின்தொடையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, இரு எலும்புகளிலும் துளையிட்டு, அத்துளைகளின் வழியே செலுத்திப் பழைய கயிறு இருந்த இடத்தில் பொருத்துகிறோம். அந்தத் தசைநாண் தன் இடத்தைவிட்டுப் பிடுங்கி நடப்பட்ட நாற்று. நட்ட நாற்று முதலில் வாடும். புதிய இரத்தக் குழாய்கள் அதனுள் புகுந்து, பழைய அணுக்கள் மடிந்து, புதியவை குடியேறும் காலத்தில் அது நாங்கள் பொருத்திய நாளில் இருந்ததைவிட வலுக்குறைந்து நிற்கும். ஏறத்தாழ ஆறாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை அந்த நிலை. பெரும்பாலானோருக்கு வலி அடங்கி, ஊன்றுகோலை எறிந்து, இரண்டு சக்கர வண்டியை எடுக்கத் தோன்றுவதும் அதே வாரங்களில்தான். உடல் தரும் அறிகுறி இங்கே நம்மை ஏமாற்றுகிறது. தசைநாண் முழுமையாகத் தசைநாராக மாறுவதற்கு ஓராண்டும் அதற்கு மேலும் ஆகும்.

நம் ஊர் நாள்காட்டியை வைத்தே கணக்கிடலாம். பொங்கல் போட்டியில் காயம்; வீக்கம் வடிந்து, காலை முழுமையாக நீட்ட முடிந்த பிறகு, மார்ச் மாதத்தில் அறுவை. விறைத்த, வீங்கிய மூட்டில் அவசரப்பட்டு அறுவை செய்வதில் பயனில்லை என்பதால் இந்த இடைவெளி. ஏப்ரல் இறுதியும் மே மாதமும் ஒட்டு மிக வலுவிழந்திருக்கும் காலம். ஆடிக் கிருத்திகை வரும்போது ஐந்தாம் மாதம்.

ஆடிக் கிருத்திகையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். "கால் சரியானால் காவடி எடுக்கிறேன்" என்று வேண்டிக்கொள்ளாத குடும்பம் இப்பகுதியில் அரிது. ஐந்தாம் மாதத்தில் கால் சரியானது போலவே தோன்றும். ஆண்டின் நாள்களைக் குறிப்பதாகச் சொல்லப்படும் 365 படிகளையும் வெறுங்காலில், தோளில் காவடியோடு, நெரிசலில், ஆடியபடி ஏறுவது என்பது முழங்காலுக்கு ஒரு கபடி ஆட்டத்திற்குக் குறைந்ததன்று. ஏறுவதைவிட இறங்குவது கடினம். இறங்கும்போது உடல் எடை முழுவதையும் மடங்கிய ஒற்றைக்காலின் முன்தொடைத் தசை தாங்கிப் பிடிக்க வேண்டும். காயத்தால் முதலில் மெலிவதும் கடைசியில் தேறுவதும் அந்தத் தசையே. வேண்டுதலை விட்டுவிடச் சொல்லும் உரிமை எங்களுக்கில்லை. மலைமேல் வரை வாகனப் பாதை இருக்கிறது. அவ்வாண்டு அதன் வழியே சென்று வணங்கிவிட்டு, காவடியை அடுத்த ஆடிக்கு வைத்துக்கொள்ளலாம். திசம்பர் 31ஆம் நாள் இரவு நடைபெறும் படித் திருவிழாவிற்குள் ஒன்பது மாதம் நிறைந்திருக்கும். பயிற்சி ஒழுங்காக நடந்திருந்தால் நெரிசல் இல்லாத ஒரு வேளையில் கைப்பிடியைப் பற்றி ஏறிப் பார்க்கலாம். அதற்கு முன்னர் எங்கள் இயன்முறை மருத்துவரிடம் ஒரு சொல் கேட்டுவிடுங்கள்.

ஒன்பது மாதம் என்னும் கணக்கை நாங்களாகச் சொல்லவில்லை. நார்வேயின் ஆஸ்லோவில் 106 பேரை அறுவைக்குப்பின் இரண்டாண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2016இல் வெளிவந்தது. விளையாட்டுக்குத் திரும்புவதை ஒன்பதாம் மாதம் வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மீண்டும் காயப்படும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மற்றொரு செய்தியை நாங்கள் இதைவிடப் பெரிதாகக் கருதுகிறோம். தசை வலிமை, ஒற்றைக்கால் தாண்டல் முதலிய சோதனைகளில் தேறிய பிறகு களமிறங்கியவருள் 5.6 விழுக்காட்டினர் மீண்டும் காயமுற்றனர். தேறாமலே இறங்கியவருள் அந்த அளவு 38.2 விழுக்காடு. மாதங்களை எண்ணுவது மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பதினோராம் மாதத்திலும் காயம்பட்ட தொடை மற்றத் தொடையின் வலிமையில் பத்தில் ஒன்பது பங்கை எட்டவில்லையெனில், அவர் இன்னும் நோயாளியே.

தொழில்முறை ஆட்டக்காரர்கள் விரைவில் திரும்பிவிடுகிறார்களே என்று இளைஞர்கள் வாதிடுவர். ரிஷப் பந்த் 2022 திசம்பர் 30 அன்று சாலை விபத்தில் காயமுற்றார். 2023 சனவரியில் முழங்கால் தசைநார்களுக்கு அறுவை நடந்தது. அவர் மீண்டும் போட்டி ஆட்டத்தில் இறங்கியது 2024 மார்ச்சில். பிரேசிலின் நெய்மாருக்கு 2023 அக்டோபரில் முன்சிலுவைத் தசைநார் அறுந்தது. களம் திரும்ப ஓராண்டு ஆயிற்று. நாள் முழுதும் உடன் நிற்கும் இயன்முறை மருத்துவர், உணவு வல்லுநர், உடற்பயிற்சிக்கூடம், ஊதியத்திற்குக் கவலையின்மை ஆகிய அனைத்தும் வாய்த்தவர்களுக்கே இத்தனை காலம் என்றால், காலையில் தறிக்கும் மாலையில் வீட்டுப் பயிற்சிக்கும் இடையே நேரம் தேடும் ஒருவர் ஆறாம் மாதத்தில் இறங்க எண்ணுவது எவ்வளவு பொருந்தும்?

தடைகளை நாங்கள் அறியாதவர்கள் அல்லர். பள்ளிப்பட்டிலிருந்தோ பொதட்டூர்பேட்டையிலிருந்தோ வாரம் மூன்று முறை பயிற்சிக்கு வருவதென்றால் பேருந்துக் கட்டணம் ஒரு பக்கம், இழக்கும் கூலி மறுபக்கம். அறுவைக்குக் கடன் வாங்கத் தயங்காத குடும்பம் பயிற்சிக்குப் பேருந்தேறத் தயங்குவதற்கு இதுவே காரணம். அறுவை கண்ணுக்குத் தெரியும் செலவு. பயிற்சி ஏதோ காலை ஆட்டிவிட்டு வருவதாகத் தோன்றுகிறது. தொலைவில் உள்ளோர் மூன்று வாரத்திற்கு ஒருமுறை வந்து புதிய பயிற்சிகளைக் கற்றுக்கொண்டு, எஞ்சிய நாள்களில் வீட்டிலேயே செய்தால் போதும். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. குதிகாலின்கீழ்ச் சுருட்டிய துண்டை வைத்து முழங்காலைத் தரையை நோக்கி அழுத்துதல், காலை நேராக நீட்டியபடி உயர்த்துதல், சுவரில் முதுகைச் சாய்த்துச் சற்றே அமர்ந்து எழுதல், பின்னர் ஒரே ஒரு படியில் மெல்ல இறங்கி ஏறுதல். எந்த வாரத்தில் எது என்பதைச் சீட்டில் எழுதித் தருகிறோம். முதலிரண்டு வாரங்களில் முழங்காலை முழுமையாக நீட்டப் பெறுவதே முதன்மையானது. வசதிக்காக முழங்காலின்கீழ்த் தலையணை வைத்துப் படுக்கவைக்கும் அன்பைத் தாய்மார்கள் கைவிட வேண்டும். மடங்கிய நிலையிலேயே மூட்டு உறைந்துவிடும்.

தரையில் சப்பணமிட்டு உண்பதற்கும் குத்துக்காலிட்டு அமரும் கழிவறைக்கும் மூன்று, நான்கு மாதம் வரை இடங்கொடாதீர்கள். கழிவறைக்கு ஒரு நாற்காலி கடைகளில் கிடைக்கிறது. அறுவைக்கு முன்பே வாங்கி வைப்பது நன்று. குழித்தறியில் மிதி மிதிப்பவரும் விசைத்தறியில் நின்று வேலை செய்பவரும் எப்போது வேலைக்குத் திரும்பலாம் என்பது ஒருவருக்கொருவர் மாறும். தாங்கள் செய்யும் வேலையை எங்களிடம் நடித்தே காட்டுங்கள். இரண்டு சக்கர வண்டியை உதைத்துக் கிளப்புவதும், வண்டி சாயும்போது அந்தக் காலை ஊன்றித் தாங்குவதும் ஒட்டைக் கெடுக்கக்கூடியவை.

உடனிருப்போருக்கு ஒரு கடுமையான செய்தி. 2022 நவம்பரில் சென்னையில், கால்பந்து வீராங்கனையான பதினேழு வயதுக் கல்லூரி மாணவி ஒருவர், முழங்கால் தசைநார் சிகிச்சைக்குப்பின் போடப்பட்ட இறுக்கமான கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, காலை இழந்து, சில நாள்களில் உயிரையும் இழந்தார். தமிழகமே அறிந்த துயரம் அது. அறுவை செய்யும் ஒவ்வொருவரும் அதனை நினைவில் வைத்திருக்கிறோம், நீங்களும் வைத்திருங்கள். அறுவைக்குப்பின் வலி குறைந்துகொண்டே வரவேண்டும். மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போனாலோ, கால்விரல்கள் குளிர்ந்து, மரத்து, நிறம் மாறினாலோ, விரல்களை அசைக்க முடியாவிட்டாலோ, நள்ளிரவாயினும் செவிலியரை அழையுங்கள். "கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று நோயாளியிடம் சொல்லாதீர்கள். செவிலியர் வரவில்லையெனில் பணி மருத்துவரை அழையுங்கள். குரலை உயர்த்தினால் எவரும் தங்களைக் குறைகூறமாட்டோம். வீடு திரும்பிய பின்னர்க் காய்ச்சல், காயத்தில் சீழ், கெண்டைக்காலில் வீக்கமும் வலியும், மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் மறுநாள் வரை காத்திராமல் வந்துவிடுங்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒன்று கூற வேண்டும். ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இக்காயம் கூடுதலாக நேர்கிறது. குதித்து இறங்குகையில் முழங்கால்கள் உள்நோக்கிச் சாய்வது காரணங்களுள் ஒன்று; முறையான முன்பயிற்சியால் அதனைக் குறைக்கலாம் என்பது நிறுவப்பட்டது. எங்களுக்கு வருத்தம் தருவது வேறொன்று. மகன் காயமுற்றால் "எப்போது ஆடலாம்?" என்று கேட்கும் பெற்றோர், மகள் காயமுற்றால் "இனி ஆட வேண்டாம்தானே, டாக்டர்?" என்று கேட்கின்றனர். மருத்துவத்தில் அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

ஆடத் திரும்புவோர் எத்தனை பேர்? உலக அளவில் பல ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியிட்ட கணக்கின்படி, அறுவை செய்துகொண்டோருள் 81 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு விளையாட்டுக்குத் திரும்பினர்; காயத்திற்கு முந்தைய நிலைக்குத் திரும்பியோர் 65 விழுக்காடு; போட்டி ஆட்டத்திற்கு 55 விழுக்காடு. மூட்டு தேறியும் அச்சத்தால் திரும்பாதவர்கள் பலர். அந்த அச்சம் கோழைத்தனமன்று. அதுவும் காயத்தின் ஒரு பகுதியே. எங்களிடம் அதனைச் சொல்லலாம். கபடியை விட்டுவிட்டு மிதிவண்டிக்கோ நீச்சலுக்கோ மாறியவரை நாங்கள் தோற்றவராகக் கருதுவதில்லை.

அணித் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "ஒரே ஒரு ஆட்டம், பாதி நேரம் மட்டும்" என்று அழைக்கும் நண்பரின் குரலுக்கு முன் எங்கள் சீட்டு பெரும்பாலும் தோற்றுப்போகிறது. அடுத்த பொங்கல் போட்டிக்கு அவர் பெயரை எழுதும் முன், அவர் சோதனையில் தேறிவிட்டாரா என்று கேளுங்கள். மார்கழித் தொடக்கத்தில் ஒருநாள் அவரோடு நீங்களும் வரலாம். இரு கால்களிலும் தனித்தனியே தாண்டச் செய்து தொலைவை நாடாவால் அளப்போம். தொடையின் சுற்றளவையும் வலிமையையும் ஒப்பிடுவோம். ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். அரைக்கால் சட்டையும் ஓடுவதற்குரிய காலணியும் அணிந்து, பழைய சீட்டுகளோடு காலை வேளையிலேயே வருவது நல்லது. வேலை முடித்துக் களைத்த காலை அளந்தால் கணக்கு தவறும்.